வசனம் பேசாத தம்பி

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் நான்தான் கட்டபொம்மன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தடவையாவது கட்டபொம்மனாக மேடை ஏறாத ஆம்பிளை கிடைப்பது அபூர்வம். கோயில் கொடை என்றால் குழாய் ரேடியோவில் சிவாஜி வசனம்தான். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கும் அதே வசனம்தான். எங்கள் தெருப் பால்காரரின் மாட்டுக்குக்கூட, அந்த வசனத்தில் எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அட்டைக் கிரீடம், அம்மாவின் பட்டுச் சேலையில் அங்கி, கண்மையில் மீசை. ஜாக்சன் துரையாக நடித்த பையன் முகம் நிறைய பவுடர் பூசிக்கொண்டு எதிரில் நின்றான். நான் போட்ட போடில் அவன் நிஜமாகவே அழுதுவிட்டான். கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

என் தம்பிக்கும் அந்த நாடகத்தில் ஒரு வேஷம் உண்டு. ஊமைத்துரை. அவனுக்குப் பேச்சு திக்கும். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்டா, அண்ணன் பக்கத்துல நின்னாப் போதும்" என்றார் டீச்சர். நின்றான். தூக்குக் காட்சியோடு திரை விழுந்தது.

ராத்திரி வீட்டில் மீசையைத் தேங்காயெண்ணெய் போட்டு அழித்துக் கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து கேட்டான்: "அ... அண்ணே, உன்னையத் தூக்குல போட்டப்புறம் நான் என்ன செஞ்சேன்?"

எனக்குத் தெரியவில்லை. "நாடகம்தான் முடிஞ்சு போச்சேடா, போய்ப் படு" என்று சொல்லிவிட்டேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பி.காம். படித்துவிட்டு, பேரேடு எழுதப் பிடிக்காமல் பத்திரிகைக்கு எழுதப் போனேன். தம்பி ஊரிலேயே கடலைமிட்டாய்க் கடை வைத்து, அப்பா அம்மாவையும் வைத்துக் காப்பாற்றுகிறான். ஊரில் எனக்குத்தான் பெயர், அவனுக்கு வியாபாரம். அவனே சென்ற மாதம் என் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைத் திணித்தான். எடைக்கு வாங்கிய பழைய புத்தகம். அட்டை இல்லை. "இங்கிலீஷ் ராஜா கதை மாதிரி இருக்குண்ணே. பொட்டலம் கட்ட மனசு வரல. உனக்கு ஆகும்."

ஆயிற்று!

அது ஆஸ்வால்டு என்ற ராஜாவின் கதை. ஏழாம் நூற்றாண்டு. இங்கிலாந்து அப்போது ஒரே நாடாக இல்லை. நம்ம பாளையங்கள் மாதிரி ஆளுக்கொரு துண்டு. அதில் வடக்கே இருந்த நார்தம்பிரியாவுக்கு ஆஸ்வால்டின் அப்பா ராஜா. 616-ல் அவர் போரில் சாக, பிள்ளைகள் ஸ்காட்லாந்துப் பக்கம் ஓடி ஒளிந்து வளர்ந்தார்கள். பல வருஷம் கழித்து மூத்தவன் திரும்பி வந்து பட்டம் ஏறினான். ஒரு வருஷம் தாங்கவில்லை, கொன்றுவிட்டார்கள். அடுத்தவன் ஆஸ்வால்டு. எட்டு வருஷம் ஆண்டான். 642 ஆகஸ்ட் 5-ம் தேதி பெண்டா என்ற பக்கத்து ராஜாவோடு நடந்த சண்டையில் மாண்டான். பெண்டா அதோடு விடவில்லை. தலையையும் கைகளையும் வெட்டிக் கம்பத்தில் மாட்டிவைத்தான். அந்த இடம் என்று சொல்லப்படுகிற ஊருக்கு இன்றைக்கும் பெயர் ஆஸ்வெஸ்ட்ரி. 'ஆஸ்வால்டின் மரம்' என்று அர்த்தமாம்.

பக்கத்தைப் புரட்டினேன். மறு வருஷம், அண்ணனின் தலையையும் கைகளையும் இறக்கி எடுத்துப் போக ஓர் ஆள் படையோடு வருகிறான். யார்? தம்பி. பெயர் ஆஸ்வியு. பிறகு 655-ல் அதே பெண்டாவைப் போரில் வீழ்த்தியவனும் இந்தத் தம்பிதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜா, மரம், தம்பி. இது நம்ம கயத்தாறு கதையல்லவா? மரத்தில் தொங்கிய தங்கள் ராஜாவின் பெயரை ஊருக்கே வைத்த அந்த ஜனங்கள்தான், 1157 வருஷம் கழித்துக் கரிசல் காட்டுக்கு வந்து நம் ஆளை மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்!

அடுத்த நாள் காலையில் கயத்தாறு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து தெற்கே நெல்லை போகிற நாற்கரச் சாலையில், கூப்பிடு தூரம்தான் கயத்தாறு. இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக் கொள்ளும். காய்ந்தால் கால் நுழைகிற அளவு வெடிக்கும். வானத்தில் காற்றாலைகள் கை வீசிக் கொண்டிருக்கின்றன. கட்டபொம்மன் நினைவிடம் ரோட்டோரமே. 1970-ல் நடிகர் திலகம் தன் சொந்தப் பணத்தில் எழுப்பிய சிலை இந்த ஊரில்தான். பிற்பாடு அரசாங்கம் மணிமண்டபமும் கட்டியது.

டீக்கடைப் பெரியவரிடம் விசாரித்தேன்.

"தம்பிக்கு எந்தூரு?"

"கோவில்பட்டிதான் அண்ணாச்சி."

"அப்ப இதெல்லாம் பார்த்த எடந்தானே? புதுசா என்னத்தப் பார்க்கப் போறிய?"

"அந்தப் புளியமரம்..."

"அது எங்கய்யா காலத்துலயே கெடையாது. மரம் நின்ன எடத்துல கல்லுதான் குவிஞ்சு கெடந்துச்சும்பாக. இந்த வழியா நடந்து போறவுக, வண்டி கட்டிப் போறவுக, ஆளுக்கொரு கல்லு போட்டுக் கும்பிட்டுட்டுப் போவாகளாம். யாரும் போடச் சொல்லல. தானாப் போட்டாக."

டீ தொண்டையில் நின்றது. அந்த அட்டை இல்லாத புத்தகத்தில் இதற்கு நேர் எதிர்ச் செய்தி ஒன்று இருக்கிறது. ஆஸ்வால்டு விழுந்த இடத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று ஜனங்கள் அள்ளிப் போனார்களாம். அள்ளி அள்ளி, ஓர் ஆள் உயரத்துக்கு அங்கே பள்ளமே விழுந்துவிட்டது என்று 731-ல் வரலாறு எழுதிய பீட் என்ற துறவி சொல்கிறார். அங்கே எடுத்து எடுத்துப் பள்ளம். இங்கே போட்டுப் போட்டுக் குவியல். கணக்கு ஒன்றுதான். பற்றும் வரவும்தான் வேறு.

கணக்கு என்றதும் என் படிப்பு எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஜெகவீர கட்டபொம்மனுக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் வீரபாண்டியன், பிறந்தது 1760. அடுத்து குமாரசாமி, இவர்தான் ஊமைத்துரை. இன்னொரு தம்பி துரைசிங்கம் என்கிற செவத்தையா. ஈசுவரவடிவு, துரைக்கண்ணு என்று இரண்டு சகோதரிகள். 1790-ல் மூத்தவர் பட்டத்துக்கு வந்தார். மனைவி ஜக்கம்மாள். வாரிசு இல்லை.

1798-ல் கம்பெனிக்குப் பாக்கி 3310 பகோடா என்று கலெக்டர் ஜாக்சன் கணக்குக் காட்டினார். வந்து பார் என்று ஆள் அனுப்பினார். போனால் துரை அந்த ஊரில் இல்லை. அடுத்த ஊருக்குப் போனார் கட்டபொம்மன். துரை அதற்கடுத்த ஊரில். இப்படி 23 நாள் ஊர் ஊராகத் துரத்தவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் தரிசனம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் பாக்கி எவ்வளவு தெரியுமா? 1080 பகோடா. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கட்டியாயிற்று! இன்றைக்கு ஒரு பாங்க் மேனேஜராக இருந்தால் எழுந்து நின்று காபி வாங்கிக் கொடுப்பார். ஜாக்சன் துரை நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. கட்டபொம்மனையும் அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்.

நாமெல்லாம் மனப்பாடம் செய்த அந்த அனல் வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. நிஜத்தில் நடந்தது, கால் வலிக்க நின்றது. சரியாகச் சொன்னால், அவமானப்பட்டு நின்றது. அந்த அவமானத்துக்குத்தான் பிற்பாடு நம் ஜனங்கள் வசனம் எழுதித் தீர்த்துக் கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கைது செய்யப் பார்த்தபோது கோட்டை வாசலில் கைகலப்பு. கிளார்க் என்ற லெப்டினென்ட் செத்தான். பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மனைப் பத்திரமாக வெளியே கொண்டு வந்தது யார்? அங்கேயும் ஊமைத்துரைதான்.

விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. கட்டபொம்மன் பேரில் பெரிய தப்பில்லை என்றது. பிள்ளையை விட்டார்கள். ஜாக்சன் போய் லூஷிங்டன் வந்தார். ஆனால் பகை போகவில்லை. 1799 செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்டார். கோட்டையை விட்டு வெளியேறினார்கள். மறுபடி பிடிபட்ட சிவசுப்பிரமணிய பிள்ளையை 13-ம் தேதி நாகலாபுரத்தில் கொன்று, தலையை மூங்கில் கழியில் செருகிப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டு வைத்தார்கள். (பெண்டா ராஜா செத்து ஆயிரம் வருஷமாகியும் புத்தி மட்டும் சாகவில்லை.) கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு வார்த்தை. 'எட்டப்பன்' என்று நாம் திட்டுகிறோமே, எட்டயபுரத்தார் கம்பெனி பக்கம் நின்றதும், தேடிப் பிடிக்க முனைந்ததும், பிற்பாடு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்றதும் உண்மை. ஆனால் கடைசியில் பிடித்துக் கொடுத்தவர் வேறு ஆள். எட்டயபுரத்திலிருந்து வந்து எங்களோடு படித்த பையன் ஒருவன் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவான். பாரதியார் பிறந்த ஊர் அது! ராஜாக்கள் செய்ததற்குப் பையன்கள் தலைகுனிய வேண்டியதாயிற்று.

1799 அக்டோபர் 16. கயத்தாறு. மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து உட்கார வைத்து ஒரு விசாரணை. அன்றைக்கே தூக்கு. மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அதைப் படித்தபோதுதான், ஐந்தாம் வகுப்பில் நான் நடித்தது எவ்வளவு அரைகுறை என்று விளங்கியது.

கட்டபொம்மன் நிமிர்ந்து, துணிச்சலாக நடந்து போனார். இரண்டு பக்கமும் இருந்த பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டே போனார் என்கிறார் பானர்மேன். எதிரியின் சர்ட்டிபிகேட்! மரத்தடிக்குப் போனதும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டாராம். போகிற வழியில் அவர் கவலைப்பட்டது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தானாம். பாளையத்தைப் பற்றி இல்லை, பொக்கிஷத்தைப் பற்றி இல்லை. வாய் பேச வராத தம்பியைப் பற்றி.

நாடகத்தில் இந்தக் கட்டம் கிடையாது. இருந்திருந்தால் நான் ஒரு தடவையாவது திரும்பி என் தம்பியைப் பார்த்திருப்பேன்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தூக்குக்கு அப்புறம் அவர் என்ன செய்தார்?

பாளையங்கோட்டைச் சிறையில் ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் கிடந்தார். அங்கே அம்மை போட்டது. அதனால் கைதிகளுக்கு மாட்டியிருந்த விலங்கைக் கழற்றினார்கள். 1801 பிப்ரவரி 2-ம் தேதி ராத்திரி, துரைமார்கள் எல்லோரும் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். (நம்ம ஊர்ப் படிப்பை மாற்றிய மெக்காலேக்கு இவர் பெரியப்பா.) விருந்து முடிவதற்குள் இங்கே சிறை காலி! மாறுவேஷத்தில் உள்ளே வந்த ஆட்கள் ஆயுதத்தை உருவ, காவலர்கள் சுதாரிப்பதற்குள் எல்லோரும் பாஞ்சாலங்குறிச்சியைப் பார்க்க ஓடிவிட்டார்கள்.

துரத்தி வந்த மெக்காலே ஒரு வாரத்தில் அங்கே போய்ப் பார்க்கிறார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை எழுந்து நிற்கிறது! கல்கோட்டை இல்லை; கரிசல் மண்ணைக் குழைத்து வைத்த மண்கோட்டை. ஏறக்குறைய 500 அடிக்கு 300 அடி, பன்னிரண்டு அடி உயரச் சுவர். ஆறே நாளில் ஜனங்கள் கட்டி முடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு சாக்கடைக்கு மூடி போட எத்தனை மாசம் ஆயிற்று என்பதை இங்கே எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும்.

அந்த மண்சுவரில் பீரங்கிக் குண்டு புதைந்ததே தவிர சுவர் பிளக்கவில்லை. மார்ச் 31-ம் தேதி கம்பெனிப்படை முழு மூச்சாக மோதிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. அந்தப் படையில் வெல்ஷ் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1830-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். எதிரியான ஊமைத்துரையைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பதை எந்தத் தமிழனும் எழுதவில்லை. ஒல்லியான, சாதாரணமான தோற்றம்தானாம். ஆனால் அந்தக் கை அசைவுதான் கட்டளை. ஜனங்கள் தெய்வ வாக்கு மாதிரி அதை எடுத்துக்கொண்டு பறப்பார்களாம். துரைப் படையை எப்படி அடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு சைகை உண்டு. சின்னச் சின்ன வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரப் படை. வாயால் 'உஸ்' என்று ஒரு சத்தம். வலது கையால் ஒரே துடை. அவ்வளவுதான், கூட்டம் கிளம்பிவிடும்.

சிவாஜி பேசிய வசனம் முழுக்க அந்த 'உஸ்'ஸுக்குள் இருக்கிறது, ஐயா!

மே 24-ல் புதுப் படை, புதுப் பீரங்கிகளோடு வந்து அக்னியூ கோட்டையைப் பிடித்தார். தப்பி ஓடியவர்கள் வழியெல்லாம் வெட்டுப்பட்டு விழுந்தார்கள். ராத்திரி, தன் பிள்ளையைத் தேடி ஒரு தாய் வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன் என்ன சொன்னான் தெரியுமா? என்னை விடு, பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்றான். 'சாமி' என்றால் ஊமைத்துரை. அந்தத் தாய் பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு, ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர் மேல் துணியைப் போர்த்திப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். "அம்மை போட்டுச் செத்த பிள்ளை" என்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். இதையும் எழுதி வைத்தது வெல்ஷ்தான். ஒரு தடவை விலங்கை அவிழ்த்த அம்மை, இன்னொரு தடவை உயிரையே காத்தது. கரிசல் காட்டில் அம்மையை 'அம்மா' என்று சும்மாவா சொல்கிறார்கள்!

அந்தத் தாயின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிலையும் இல்லை. என்னைக் கேட்டால் கயத்தாற்றில் போடுகிற கல்லில் ஒன்று அவளுக்கு.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொல்ல மனசு வரவில்லை. ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையையும் செவத்தையாவையும் பிடித்து, சொந்த மண்ணான பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு வந்து 1801 நவம்பர் 16-ம் தேதி கொன்றார்கள். அண்ணனுக்கும் 16, தம்பிகளுக்கும் 16. மறு வருஷம் 73 பேரைக் கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். கோட்டையை இடித்து, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

கயத்தாற்றிலிருந்து ஒட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கும் போனேன். 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை நிற்கிறது. பக்கத்தில் பழைய அரண்மனையின் அடித்தளம். வீரசக்கதேவி கோயில். மே மாதத் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜோதி ஏந்தி வருகிறார்கள். சற்றுத் தள்ளி ஆங்கிலேயர் கல்லறைகள். சண்டையில் செத்த துரைமார்களுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அவர்களை எதிர்த்துச் செத்த நம் ஜனங்களுக்கு? கதைப்பாட்டு இருந்தது. ராத்திரி ராத்திரியாகக் கொடைகளில் பாடிப் பாடித்தான் அந்தக் குடும்பத்தின் பெயர்களை இந்தப் பக்கத்து ஜனங்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நா. வானமாமலை அதைத் தேடித் தொகுத்து அச்சில் போட்டார்.

ஆஸ்வால்டின் தம்பி ஜெயித்தான். நம்ம தம்பி தோற்றான். ஆனால் இரண்டு தம்பிகளும் செய்தது ஒரே காரியம். அண்ணன் கதை மரத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களை அப்படி நினைக்கவிடாமல் செய்தார்கள்.

சாயங்காலம் கோவில்பட்டிக்குத் திரும்பி நேரே தம்பி கடைக்குப் போனேன். அவன் வறுத்த கடலையைத் தேய்த்துக் கொண்டிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேட்டு இருபத்தைந்து வருஷமான கேள்விக்குப் பதிலை முழுசாகச் சொன்னேன். பானர்மேன் கடிதத்தைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஐந்தாம் வகுப்பில் தடுமாறாத குரல்! அவன் எதுவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருவருக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்தான்.

துரும்புக் கதை வந்ததும் அவன் முகம் மாறியது. ஒரு கை கடலையை அள்ளி இடது உள்ளங்கையில் போட்டான். வலது கையால் அழுத்தி ஒரு தேய். குனிந்து, உஸ்ஸென்று ஓர் ஊது. தோல் அத்தனையும் பறந்து ரோட்டில் போய் விழுந்தது.

"இ... இப்படியாண்ணே?" என்றான்.

"அப்படியேதாண்டா" என்றேன்.